காஸா – மணாலி: குன்சம் தாண்டிய 50 கிலோமீட்டருக்கு டயர் மாற்ற வேண்டுமா?

ஈரோடு350 | ஜூன் 2, இரவு 9.40

ஜூலை இரண்டாம் வாரம் இமாச்சலத்தில் ஸ்பிதி சுற்று. இரண்டு வண்டி, இரண்டு பேர். சிம்லா பக்கம் ஏறி ரெக்காங் பியோ, நாகோ, காஸா. அங்கிருந்து குன்சம் கணவாய் தாண்டி மணாலியில் இறங்குவது திட்டம். என் வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஸ்போக்ஸ் வீல், ட்யூப் டயர். பாதல் முதல் கிராம்ஃபூ வரை 50 கி.மீ. ரோடு என்று ஒன்றும் கிடையாது, கல்லும் தண்ணீரும்தான் என்கிறார்கள். பட்டன் டயர் (கட்டை கட்டையாக வரி உள்ள கரடுமுரடு ரோட்டு டயர்) போடாமல் போகவே கூடாது என்கிறார் ஒருவர். புல்லட்டை வைத்துவிட்டு எடை குறைந்த வண்டி எடு என்கிறார் இன்னொருவர். இப்போதுள்ள டயர் 6,000 கி.மீ. ஓடியது. மாற்றியே ஆக வேண்டுமா?

மலைத்தடம் | ஜூன் 3, காலை 6.15

வேண்டாம். பின் டயரின் நடு வரி 4 மி.மீ. ஆழம் இருந்தால் அதிலேயே போகலாம். அந்த 50 கி.மீ.க்காகப் பட்டன் டயர் போட்டால், மீதி ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தார் ரோட்டில், அதுவும் ஜூலை மழையில், வளைவுக்கு வளைவு வழுக்கும் டயரோடு போக வேண்டிவரும்.

அந்த ரோட்டில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். அடுத்தது எடை. டயர் மூன்றாவதுதான்.

நேரம் என்று சொல்வதற்குக் காரணம் இது. நாலா என்று அங்கே சொல்கிற ஓடைகள் எல்லாம் மேலே பனி உருகி வருபவை. இரவில் குளிர் இறுகியதும் உருகுவது நிற்கும். விடியற்காலையில் தண்ணீர் மிகக் குறைவு. வெயில் பனியில் பட்டு, உருகி, கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்கு மேல் ஏறத் தொடங்கி, பிற்பகல் மூன்றிலிருந்து ஆறு வரை உச்சம். காலை ஏழுக்குக் கணுக்கால் அளவில் கிடக்கும் ஓடை மாலை நாலுக்கு முழங்காலைத் தாண்டி, காலை இழுக்கும் வேகத்தில் போகும். இரண்டு நேரத்திலும் டயர் அதே டயர்தான்.

எல்லோரும் செய்யும் தவறு, கடைசி இரவைக் காஸாவில் கழிப்பது. காஸாவில் ஏழு மணிக்குக் கிளம்பினால் 57 கி.மீ. தள்ளி லோசருக்கு ஒன்பது, குன்சம் உச்சிக்குப் பத்தேகால், பாதலுக்குப் பதினொன்று. ஆக, ஓடைகள் ஏறும் நேரம் பார்த்துத்தான் நீங்கள் ஓடைக்குள் இறங்குகிறீர்கள். அதற்குப் பதில் லோசரில் தங்குங்கள். சின்ன ஊர், தங்க வீடுகள் உண்டு, சாப்பாடும் கிடைக்கும். விடியும்போதே 5.15-க்குக் கிளம்பினால் குன்சம் 6.15, பாதல் 7.00, சோட்டா தாரா 8.30, சத்ரூ 10.00, கிராம்ஃபூ 11.15. பாதலுக்குப் பிறகு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கி.மீ. என்றுதான் இந்தக் கணக்கு. வேகமாகப் போக நினைத்தால் கணக்கு தப்பும், ஃபோர்க்கும் தப்பாது.

லோசர் 4,000 மீட்டருக்குச் சற்று மேலே. சிம்லா பக்கமாக ஏறி வந்து காஸாவில் இரண்டு இரவு தங்கியவர்களுக்கு உடம்பு அதற்குள் பழகியிருக்கும். மணாலியிலிருந்து நேராக ஏறி வருபவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

மலைத்தடம் | ஜூன் 3, காலை 6.50

எடையை விட்டுவிட்டேன். மூட்டை மொத்தம் 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதில் கனமானவை (டூல்ஸ், ட்யூப், ஆயில்) சேடில் பேக்கின் அடியில், முன்பக்கமாக, உங்கள் தொடைக்கு அருகில். கேரியரின் கடைசி நுனியில் கட்டிய 10 கிலோ, கல்லில் ஏறும்போது முன் சக்கரத்தைத் தூக்கிவிடும். ஹேண்டில் லேசாகிவிட்டது, எங்கே திருப்பினாலும் எங்கேயோ போகிறது என்று சொல்பவர்களின் மூட்டையைப் பாருங்கள், பாதிப் பேருக்குக் காரணம் அங்கே இருக்கும்.

பெட்ரோல் கேன் வேண்டாம். ரெக்காங் பியோவுக்குக் கீழே போவாரியில் டாங்கை நிரப்பினால் காஸா வரும். காஸாவில் நிரப்பினால் மணாலி சுமார் 200 கி.மீ. உங்கள் டாங்க் அதைத் தாண்டும். முதல் கியரிலேயே போகிற தூரத்துக்கு மைலேஜ் மூன்றில் ஒரு பங்கு குறைவாக வைத்துக் கணக்குப் போட்டாலும் போதும்.

ஈரோடு350 | ஜூன் 3, இரவு 10.05

லோசர் யோசனை பிடித்திருக்கிறது. டயரில் காற்று எவ்வளவு குறைக்கட்டும்? 18-க்கு இறக்கு என்கிறார்கள்.

மலைத்தடம் | ஜூன் 4, காலை 6.20

18 வேண்டாம். கையேட்டில் உள்ள அளவிலிருந்து நாலு பி.எஸ்.ஐ. குறைத்தால் போதும். உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரில் தானாக ஆறு பி.எஸ்.ஐ. கூடிவிடும். அதையும் சேர்த்துக் காஸாவில் ஒரு முறை இறக்கிக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரர் | ஜூன் 4, மதியம் 1.30

ஆறு எல்லாம் ஏறாதுங்க. உயரத்தை மட்டும் கணக்குல எடுத்தீங்க, குளிரை விட்டுட்டீங்க. குளிர்ந்தா உள்ளே இருக்கிற காத்து சுருங்கும்.

அப்புறம் 18 ஏன் கூடாதுன்னும் சொல்லணும். ட்யூப் டயர்ல காத்து குறைஞ்சா, கூர்க்கல்லுல இடிக்கும்போது டயர் ரிம் வரைக்கும் நசுங்கி, நடுவுல ட்யூப் மாட்டி ரெண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்துல விழும். பாம்பு கடிச்ச மாதிரி. ஒட்டு போட்டாலும் ரெண்டு ஒட்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறும், நிக்காது. இன்னொண்ணு, காத்து ரொம்ப குறைஞ்சா டயர் ரிம்முல வழுக்கிச் சுத்தும். கூடவே ட்யூபும் சுத்தும், வால்வு அடியோட கிழியும். அதுக்கு ஒட்டே கிடையாது, ட்யூப் மாத்தணும். வால்வு நேரா நிக்காம சாஞ்சு நிக்குதான்னு தினம் பாருங்க. சாஞ்சிருந்தா காத்தை இறக்கி டயரைத் திருப்பி வச்சுட்டுத்தான் அடுத்த கிலோமீட்டர்.

மலைத்தடம் | ஜூன் 4, இரவு 8.45

பட்டறைக்காரர் சொல்வது சரி. என் கணக்கைத் திருத்துகிறேன்.

சண்டிகரில் 35 டிகிரி வெயிலில் 28 பி.எஸ்.ஐ. அடிக்கிறீர்கள். அங்கே வெளிக்காற்று சுமார் 14.1. ஆக டயருக்குள் உண்மையான அழுத்தம் 42.1. குன்சம் 4,550 மீட்டர், வெளிக்காற்று 8.3-தான். வெப்பம் மாறாமல் இருந்தால் கேஜ் (டயர் காற்றை அளக்கும் கருவி) 33.8 காட்டும், ஆறு கூடியதாகத் தெரியும். ஆனால் விடியற்காலை அங்கே 5 டிகிரி. 35-லிருந்து 5-க்கு வரும்போது உள்ளே இருக்கும் 42.1 என்பது 38 ஆகிவிடும். அதில் 8.3 போனால் 29.7. ஆக கூடுவது இரண்டு பி.எஸ்.ஐ.-க்கும் குறைவு. வண்டி ஓடிச் சூடேறினால் இன்னும் இரண்டு.

அதனால் காஸாவில் குருட்டாம்போக்கில் இறக்க வேண்டாம். கேஜ் ஒன்று கையில் வைத்திருங்கள், பேனா அளவில் கிடைக்கிறது. லோசரில் விடியற்காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது அளந்து, கையேட்டு அளவிலிருந்து நாலு குறைவாக வையுங்கள். முன்னால் 22, பின்னால் 26-க்குக் கீழே ட்யூப் டயரில் போகவே வேண்டாம். கிராம்ஃபூ தாண்டித் தார் வந்ததும் காலால் மிதிக்கும் பம்ப் வைத்து ஏற்றிவிடுங்கள்.

ஈரோடு350 | ஜூன் 5, இரவு 9.20

ஓடை தாண்டுவதைத்தான் நினைத்தால் பயமாக இருக்கிறது. இங்கே தரைப்பாலத்தில் மழைத்தண்ணீர் ஓடும்போது போயிருக்கிறேன். அவ்வளவுதான் பழக்கம்.

மலைத்தடம் | ஜூன் 6, காலை 5.50

தரைப்பாலத்தில் அடியில் சிமெண்ட் இருக்கிறது. இங்கே அடியில் தேங்காய் அளவு முதல் பூசணிக்காய் அளவு வரை உருண்டைக் கற்கள். பாசி குறைவு, அது ஒரு நல்லது. தண்ணீர் பனிக்கு அடுத்த குளிர், கலங்கலாகச் சாம்பல் நிறத்தில் வரும், அடி தெரியாது. அதனால் கண்ணால் ஆழம் பார்க்க முடியாது, மேல்பரப்பைப் படிக்க வேண்டும்.

அகலமாக விரிந்து, சின்னச் சின்ன அலையாக நொறுங்கி ஓடும் இடம் ஆழம் குறைவு. குறுகி, மேலே வழவழவென்று ஓடும் இடம் ஆழம். தண்ணீர் ஒரே இடத்தில் குமிழ் போல எழும்பி மடங்கினால் அதற்குச் சற்று மேலே பெரிய கல் மறைந்து கிடக்கிறது. ரோட்டைக் கடந்து பள்ளத்தாக்குப் பக்கம் தண்ணீர் விழும் விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள். அங்கே அடியில் அரித்திருக்கும், சறுக்கினால் பிடிமானமும் இல்லை. லாரி, ஜீப் சக்கரத் தடத்தில் பெரிய கற்களை ஓரளவு ஒதுக்கியிருப்பார்கள். சந்தேகம் வந்தால் ஜீப் வரும்வரை காத்திருந்து, அதன் சக்கரம் எவ்வளவு முங்குகிறது என்று பார்த்துவிட்டுப் போவது மரியாதைக் குறைவு இல்லை.

முதலில் நடந்து பாருங்கள். தண்ணீர் வரும் திசைக்கு முகம் காட்டி, கையில் கம்போடு, பக்கவாட்டில் நகர வேண்டும். நடக்கும்போதே கால் நிற்கவில்லை என்றால் வண்டியும் நிற்காது. மறுநாள் காலை வாருங்கள்.

நடந்து பார்த்துத் தடம் தெரிந்த பிறகு: முதல் கியர். கிளட்சை முழுதாக விட்டுவிடுங்கள், பாதியில் பிடித்தபடி போகாதீர்கள். ஆக்சிலரேட்டர் ஒரே அளவில். கண் எதிர்க்கரையில், வண்டி ஏற வேண்டிய இடத்தில். தண்ணீரைப் பார்த்தால் ஓடுகிற தண்ணீரோடு ஹேண்டிலும் சாயும். கல்லில் இடித்து முன் சக்கரம் ஒதுங்கினால் ஒதுங்கட்டும், இழுத்து நேராக்காதீர்கள், வேகம் குறையாமல் இருந்தால் தானே திரும்பும். நடுவில் நின்றுவிட்டால் இரண்டு காலையும் ஊன்றி, அடுத்தவரைக் கூப்பிடுங்கள். அவர் தண்ணீர் வரும் பக்கமாக நின்று தள்ள வேண்டும். கீழ்ப்பக்கம் நின்றால், வண்டி சாயும்போது அவர் அடியில் மாட்டுவார்.

சைலன்சரில் தண்ணீர் போகும் என்று பயந்து எஞ்சினை அலற விடுவதைப் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்வரை புகை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், சைலன்சர் முங்கினாலும் ஒன்றும் ஆகாது. பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர் மூச்சு வாங்கும் வாய். சீட்டுக்கடியில் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று கிளம்பும் முன்பே வீட்டில் பார்த்து வையுங்கள். அதுதான் உங்கள் வண்டியின் எல்லைக்கோடு.

மறுகரை ஏறியதும் ஐம்பது மீட்டர் பிரேக்கை லேசாக மிதித்தபடி, அழுத்தியபடி ஓட்டுங்கள். டிஸ்க்கும் பேடும் காயும். காயாத பிரேக்கோடு அடுத்த இறக்கத்தில் போய்த்தான் பலர் விழுகிறார்கள், தண்ணீரில் இல்லை.

பட்டறைக்காரர் | ஜூன் 6, காலை 11.10

தண்ணிக்குள்ள விழுந்து எஞ்சின் நின்னுட்டா செல்ஃப் அடிக்காதீங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் பத்தாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டன் மேலே வரும்போது தண்ணி சுருங்காது, கனெக்டிங் ராடு வளையும். அங்கே அதோட பயணம் முடிஞ்சுது.

கில் ஸ்விட்ச் ஆஃப். தள்ளிக் கரைக்குக் கொண்டு வாங்க. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்க. உள்ளே காய்ஞ்சிருந்தா பயமில்லை, தாராளமா ஸ்டார்ட் பண்ணலாம். நனைஞ்சிருந்தா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, டாப் கியர் போட்டு வண்டியை மெதுவா முன்னாலே தள்ளுங்க, அல்லது கிக் இருந்தா பத்து உதை. தண்ணி பிளக் ஓட்டை வழியாப் பீச்சும். பீச்சுறது நின்னதும் பிளக்கைத் துடைச்சு மாட்டுங்க. ஃபில்டரை உதறிக் காய வைங்க. அப்புறம் ஆயில் பார்க்கிற கண்ணாடியைப் பாருங்க. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா தண்ணி கலந்துடுச்சு, ஆயில் மாத்தாம ஓட்டக்கூடாது. இதுக்காகவே ஒரு லிட்டர் ஆயில் கையில இருந்தா நல்லது.

நெல்லை150 | ஜூன் 6, இரவு 7.30

என் வண்டி பழைய 150, கார்புரேட்டர். மேலே ஏறினால் இழுக்காது, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிடு என்கிறார்களே?

மலைத்தடம் | ஜூன் 6, இரவு 9.00

கழற்றாதீர்கள். பாதல் ரோட்டில் பறப்பது மாவு போன்ற கல்தூள். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேயும், வீட்டுக்கு வரும்போது புகை கக்கும்.

இழுக்காததற்குக் காரணம் காற்று. 4,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 63 சதவீதம். 20 குதிரைசக்தி எஞ்சின் அங்கே 13-ஐ ஒட்டித்தான் தரும். உங்கள் 150 இன்னும் குறைவாக. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி காற்று குறைந்தால் பெட்ரோலையும் தானே குறைத்துக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதே அளவு பெட்ரோலை ஊற்றும், பிளக் கரிபிடிக்கும், ஐடிலிங்கில் நிற்கும்.

காஸாவில் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருப்புங்கள். போதவில்லை என்றால் இன்னொரு கால். ஐடிலிங்கைச் சற்று ஏற்றி வையுங்கள். காலையில் சோக்கைச் சீக்கிரம் ஆஃப் செய்துவிடுங்கள். ஒரு புதுப் பிளக் கையில். பழையது கறுத்தால் மாற்றிவிட்டு, அதை மாலையில் பிரஷ்ஷால் தேய்த்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். மணாலி இறங்கியதும் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். மறந்தால் கீழே பெட்ரோல் குறைவாகப் போய் எஞ்சின் சூடேறும். எத்தனை சுற்று வெளியே எடுத்தோம் என்று டாங்கில் பேப்பர் டேப் ஒட்டி எழுதி வைப்பது நல்லது.

பட்டறைக்காரர் | ஜூன் 7, காலை 10.15

150-க்கு ஒரு விஷயம் சேர்க்கறேன். முன் ஸ்பிராக்கெட்ல ஒரு பல் குறைச்சுப் போடுங்க. 15 பல் இருந்தா 14. இழுவை ஏழு சதவீதம் கூடும், டாப் ஸ்பீடு அதே அளவு குறையும். மலையில யாருக்கு டாப் ஸ்பீடு வேணும்? கிளட்ச் பிளேட் பிழைக்கும். ஏத்தத்துல நின்னுட்டு கிளட்சைப் பாதி பிடிச்சு உறுமறதுதான் பிளேட்டைக் கருக்குது. வண்டி நகரலைன்னா இறங்குங்க. முதல் கியர், பக்கத்துல நடந்துகிட்டே லேசா ஆக்சிலரேட்டர். உங்க எடை 70 கிலோ இறங்கினதும் அதுவே ஏறும்.

மலைத்தடம் | ஜூன் 7, இரவு 10.20

கல் ரோட்டில் உட்கார்ந்து ஓட்டும் பழக்கத்தை மாற்ற வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஃபுட்ரெஸ்டில் எழுந்து நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கி டாங்கை அணைத்திருக்கட்டும், முழங்கை வெளியே. ஹேண்டிலைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தால் போதும். முன் சக்கரம் கல்லுக்குக் கல் இடமும் வலமும் துள்ளும். துள்ளவிட்டால் வண்டி நேராகப் போகும், இறுக்கிப் பிடித்தால் அந்தத் துள்ளல் உங்கள் தோள் வழியாக முழு வண்டிக்கும் போய்ச் சாய்க்கும். பார்வை முன் சக்கரத்தில் இல்லை, பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால். கூர்மையான கல்லைத் தவிர்க்க முடியாவிட்டால் அதன் ஓரத்தில் ஏற்றாதீர்கள், ஓரத்தில் ஏறினால் டயரின் பக்கச் சுவர் கிழியும். நேராக நடுவில் ஏற்றுங்கள்.

ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் புதிதாகக் கொட்டிய ஜல்லி இருக்கும். பழைய கல்லைவிட இது மோசம், ஏனென்றால் ஒவ்வொன்றும் உருளும். அங்கே இரண்டாவது கியர், வேகம் விடாமல், பிரேக் தொடாமல். இறக்கத்தில் எஞ்சின் பிடியும் பின் பிரேக்கும் மட்டும். சரளையில் ஏ.பி.எஸ். (சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் பிரேக்) வண்டியை நிறுத்த அதிக தூரம் எடுக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டியதை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். லாரிக்குப் பின்னால் போனால் தூசியில் ரோடு மறையும். நூறு மீட்டர் விட்டு நில்லுங்கள், அல்லது ஓட்டுநர் கை காட்டும்வரை பொறுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு, மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்குங்கள். பள்ளத்தாக்குப் பக்கத்து ஓரம் அடியில் வெற்றிடமாக இருக்கலாம்.

நெல்லை150 | ஜூன் 8, இரவு 8.00

இதையெல்லாம் இங்கேயே எங்கே பழகுவது? கொல்லிமலை 70 வளைவு போதுமா?

மலைத்தடம் | ஜூன் 8, இரவு 9.30

கொல்லிமலை வளைவுக்கு நல்லது, கல்லுக்கு உதவாது, அது தார். காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகை, உருண்டைக் கல் உள்ள இடமாகப் பாருங்கள். தாமிரபரணியின் கிளை ஓடைகளில் கோடையில் உங்களுக்கு இடமா இல்லை? மூட்டையை முழுதாகக் கட்டிக்கொண்டு போங்கள். வெறும் வண்டியில் பழகினால் அங்கே அது வேறு வண்டி.

நாலு பயிற்சி போதும். எழுந்து நின்று, நடக்கும் வேகத்தில் இருநூறு மீட்டர். இறங்கிப் பக்கத்தில் நடந்தபடி முதல் கியரில் ஏற்றம் ஏற்றுவது. கல்லில் பின் பிரேக் மட்டும் வைத்து நிறுத்துவது. நாலாவது, விழுந்த வண்டியைத் தூக்குவது. கில் ஸ்விட்ச் ஆஃப், கியரில் போடு. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே இறக்கி வை, இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாயும். ஹேண்டிலை நிலத்துப் பக்கமாகத் திருப்பு. சீட்டுக்கு முதுகு காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை கேரியரில். முதுகை வளைக்காமல் கால் பலத்தில் சின்ன அடியாகப் பின்னால் நட. 4,000 மீட்டரில் மூட்டையை அவிழ்த்துவிட்டுத் தூக்குங்கள். ஒரு முறை தூக்கினால் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கும்.

ஈரோடு350 | ஜூன் 10, இரவு 9.50

ரெக்காங் பியோ, நாகோ இருக்கும் கின்னார் பக்கம் ரோடு நல்ல தார்தானே? அங்கே கவலை இல்லையே?

மலைத்தடம் | ஜூன் 11, காலை 6.00

தார் நல்லது. கவலை மேலே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 11 அன்று நிகுல்சாரியில் இதே தேசிய நெடுஞ்சாலையில் மலை சரிந்து, பேருந்தும் மற்ற வண்டிகளும் அதில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜூலை 25-ல், சாங்லா பள்ளத்தாக்கில் பத்சேரி அருகே பாறை உருண்டு ஒன்பது பயணிகள் இறந்தார்கள். இரண்டும் மழைக்காலம். நீங்கள் போவதும் மழைக்காலம்.

மழை பெய்யும்போதும் விட்ட உடனேயும் அந்தப் பகுதிகளில் ஓட்டாதீர்கள். ஊருக்குள் நின்று, உள்ளூர் பேருந்து போகிறதா என்று பாருங்கள். ரோட்டில் புதிதாக உடைந்த கல் கிடந்தால் அதன் முகத்தைப் பாருங்கள். வெளுத்துப் பளபளவென்று, தூசி படியாமல் இருந்தால் சற்றுமுன் விழுந்தது. பொடிக்கல் சரசரவென்று விழும் சத்தம் கேட்டால் அடுத்து பெரியது வரலாம். முன்னால் போவதா பின்னால் போவதா என்று யோசித்தபடி அங்கேயே நிற்பதுதான் மிக மோசம். இரண்டு வண்டியும் சேர்ந்து போகாமல், ஒருவர் தாண்டும்போது மற்றவர் எட்ட நின்று மேலே பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அதற்காகவாவது ஹெல்மெட்டுக்குள் பாட்டு வேண்டாம். நாகோ பக்கத்து மல்லிங் நாலாவிலும் இதே முறை. அங்கே படம் எடுக்க நிற்பவர்களைப் பார்த்தால் கிளப்பிவிடுங்கள்.

பட்டறைக்காரர் | ஜூன் 13, மதியம் 2.00

தினம் மாலை வண்டி நிறுத்தினதும், சூடு ஆறுறதுக்குள்ள பத்து நிமிஷம்.

ஸ்போக்ஸ் ஒவ்வொண்ணையும் சின்ன ஸ்பேனரால தட்டுங்க. இறுக்கமா இருந்தா 'டிங்'குன்னு கேக்கும். தளர்ந்தது 'டொக்'குன்னு செத்த சத்தம் தரும். காதுக்கே தெரியும், படிப்பு வேண்டாம். தளர்ந்ததைக் கால் சுத்து மட்டும் இறுக்குங்க. அதிகம் திருகினா ரிம் கோணும். ஒண்ணு தளர்ந்தா பக்கத்துல ரெண்டு உடையும், அதனாலதான் தினம்.

செயின் தொய்வு, நீங்க ஏறி உட்கார்ந்து மூட்டையோட பார்க்கணும். வெறும் வண்டியில கையேடு சொல்ற அளவுக்கு இறுக்கிட்டு மூட்டையோட பள்ளத்துல இறக்கினா செயின் கம்பி மாதிரி விறைக்கும், எஞ்சின் பக்கத்து பேரிங் போகும். கல் ரோட்டுக்குக் கொஞ்சம் தொய்வா இருந்தாலே நல்லது. தண்ணி தாண்டின நாள் மண்ணெண்ணெய் தொட்ட துணியால துடைச்சு, 90 நம்பர் கியர் ஆயில் லேசா. அதிகம் விட்டா கல்தூள் ஒட்டி உப்புத்தாள் மாதிரி பல்லை அராவும்.

நட்டு போல்ட்டுல முதல்ல கழலுறது நம்பர் பிளேட், கண்ணாடி, சைலன்சர் கிளாம்ப், கேரியர், சேடில் ஸ்டே. கிளம்பும் முன்னாலயே நீல நிறத் திரெட்லாக் (நட்டு கழலாம பிடிக்கிற பசை) ரெண்டு சொட்டு. கேரியர்ல வெல்டிங் பத்து வைச்ச இடத்துல முடி மாதிரி கோடு தெரிஞ்சா விரிசல், உடனே கட்டுக்கம்பி போட்டு இறுக்குங்க. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் ரெண்டுக்கும் புதுசு ஒண்ணு பழசு பக்கத்துலயே ஓட்டி, முனையை டேப் சுத்தி வைங்க. அறுந்தா மாட்ட அஞ்சு நிமிஷம். இல்லைன்னா டாங்க் கழட்டணும், அதுவும் விரல் விறைக்கிற குளிர்ல.

கல்லுல இடிச்சு எஞ்சின் அடியில ஆயில் கசிஞ்சா எம்-சீல். பெட்ரோல் துணியால துடைச்சு, எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாம காய வைச்சு, நல்லா பிசைஞ்சு அப்புங்க. குளிர்ல இறுக நேரமாகும், ரெண்டு மணி நேரம் தொடாதீங்க.

வாசகர் ஒருவர் | ஜூன் 16, இரவு 10.40

நாங்கள் அக்டோபர் முதல் வாரம் போகிறோம். லோசரில் 5.15 கணக்கு எங்களுக்கும் பொருந்துமா?

மலைத்தடம் | ஜூன் 17, காலை 6.10

பொருந்தாது, கேட்டது நல்லதாயிற்று. ஜூலைக்குச் சொன்ன அதிகாலை அக்டோபரில் ஆளை விழவைக்கும்.

செப்டம்பர் கடைசியிலிருந்து ஓடைகளில் தண்ணீர் குறைந்துவிடும், அந்தக் கவலை போகும். ஆனால் ரோட்டில் கசிந்து பரவிய தண்ணீர் இரவில் உறைந்து கண்ணாடி போலக் கிடக்கும். ஈரம் என்று நினைத்துத்தான் ஏறுவீர்கள். அடையாளம் ஒன்று உண்டு: ஈரத் தரையில் முன்னால் போகும் வண்டியின் டயர் தண்ணீரைத் தெளிக்கும், ஐஸில் தெளிக்காது. மலை நிழல் விழும் வளைவுகளில் பத்து மணி வரைகூட உருகாமல் இருக்கும். வெயில் ரோட்டில் பட்ட பிறகு எட்டரை, ஒன்பதுக்குக் கிளம்புங்கள். ஐஸில் மாட்டிக்கொண்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் தொடாமல், நேராக, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி. பனி விழுந்தால் குன்சத்தை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் காஸாவில் விசாரியுங்கள். லோசர் தாண்டினால் கோக்சர் பக்கம் வரும்வரை செல்பேசியை நம்ப முடியாது.

ஈரோடு350 | ஜூன் 20, இரவு 9.15

எழுதி வைத்த கடைசித் திட்டம்: சிம்லா, சாங்லா, நாகோ, தாபோ, காஸா இரண்டு இரவு, லோசர் ஒரு இரவு, மணாலி. டயர் மாற்றவில்லை. மூட்டை 14 கிலோ. கேஜ், பம்ப், முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாக ட்யூப், மூன்று டயர் லிவர், எம்-சீல், கேபிள்கள் ஓட்டியாயிற்று. காலுக்கு ரைடிங் பூட்ஸ். பெட்ரோல் லோசர் கிளம்பும் அன்று காஸாவில் காலையில் போட்டுக்கொள்கிறோம். ஏதாவது விட்டேனா?

மலைத்தடம் | ஜூன் 21, காலை 5.45

மூன்று மாற்றம்.

பெட்ரோலைக் காஸா வந்த அன்று மாலையே போடுங்கள். கரண்ட் இல்லை, வரிசை நீளம், லாரி வரவில்லை என்று காலையில் தெரிந்தால் அன்றைய நாள் போய்விடும்.

ரைடிங் பூட்ஸ் முதல் ஓடையிலேயே நிறையும். பிறகு நாள் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் கால். ரெக்காங் பியோ கடைவீதியில் முழங்கால் உயர ரப்பர் கம்பூட்ஸ் கிடைக்கும், அங்கே தோட்ட வேலைக்குப் போடுபவை. பாதலில் அதற்கு மாறி, கிராம்ஃபூவில் திரும்ப மாற்றுங்கள். அதில் கணுக்காலுக்குப் பாதுகாப்பு குறைவுதான், ஆனால் அந்த 50 கி.மீ. நீங்கள் போவது பத்து கி.மீ. வேகத்தில். கம்பூட்ஸ் கிடைக்காவிட்டால் சாக்ஸ், அதன்மேல் பிளாஸ்டிக் கவர், அதன்மேல் இன்னொரு சாக்ஸ், பிறகு பூட்ஸ். காலுறையைவிடக் கையுறை சீக்கிரம் நனையும், இன்னொரு ஜோடி எடுங்கள்.

மூன்றாவது, திட்டத்தில் உதிரி நாள் இல்லை. இரண்டு நாள் சேருங்கள். லோசரில் இரவு மழை பெய்தால் மறுநாள் ஓடை காலையிலும் குறையாது, அங்கேயே இருங்கள். இரண்டாம் நாளும் தெளியவில்லை என்றால் வந்த வழியே சிம்லாவுக்குத் திரும்பி இறங்குங்கள், காஸாவிலிருந்து 400 கி.மீ.க்கு மேல். ரயில் டிக்கெட்டை அதற்கு ஏற்ற தேதியில் போடுங்கள். டிக்கெட் தேதிக்காக ஐந்து மணி மாலையில் ஓடைக்குள் இறங்கியவர்களின் வண்டிகளைத்தான் சத்ரூவில் லாரியில் ஏற்றுவார்கள்.

ஈரோடு350 | ஜூன் 21, இரவு 8.30

டிக்கெட்டை மூன்று நாள் தள்ளிப் போட்டுவிட்டேன். கம்பூட்ஸ் எட்டாம் நம்பர் அங்கே கிடைக்குமா?

மலைத்தடம் | ஜூன் 21, இரவு 9.10

ஒன்பது வாங்குங்கள். தடிமனான சாக்ஸ் இரண்டு உள்ளே போக வேண்டும்.